முன்பு போலவே

கேட்டது சாந்தாமணியை. பதில் சொன்னது அவள் புருஷன். "முன்பு போல் உங்களால் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதா?" என்று எதிரே உட்கார்ந்த பெனிட்டா தாளைப் பார்த்துப் படித்து இன்னும் வாயை மூடவில்லை, அதற்குள் வெள்ளிங்கிரி, "நல்லாச் சிரிக்குதுங்க, நேத்துக்கூட டிவியப் பாத்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சுதே" என்றான். நேற்றா? நேற்று முழுக்க வாய்ப்புண்ணோடு மோரை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சிரித்தது டிவிக்குள் இருந்தவர்கள். அட, சிரிச்சது யாருன்னுகூடத் தெரியாத மனுசன் பதில் சொல்றதப் பாரு என்று சாந்தாமணிக்கு உச்சந்தலை காந்தியது. அங்கே இப்போது முடி கிடையாது, முக்காட்டுத் துணிதான், சூடு நேராக அதில் ஏறியது. சாந்தாமணி என்று பேர் வைத்தவர்கள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பாள். சாந்தமாம், மணியாம். மருந்து ஏற்றும் ஹாலுக்கு வெளியே இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். டோக்கன் நாற்பத்தொன்று, ஓடுவது இருபத்தாறு. இடது மார்பை எடுத்து நாலு மாதமாகிறது, இன்றைக்கு ஐந்தாவது மருந்து. பக்கத்தில் வெள்ளிங்கிரி, மடியில் ஃபைல், காலடியில் சுடுதண்ணி ஃபிளாஸ்க், பையில் அவளுக்குப் பிடிக்குமென்று அவனாக முடிவு செய்த மாதுளம்பழம். போகிற வருகிற நர்ஸெல்லாம், உங்க வீட்டுக்காரர மாதிரி பாத்துக்கற ஆளு கெடைக்குமாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறது. அவனும் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டிய அப்பனைப் போலத் தலையை ஆட்டிக்கொள்கிறான்.

பெனிட்டா வந்து உட்கார்ந்தபோதே விவரம் சொன்னாள். இது ஒரு ஆராய்ச்சிங்கம்மா, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு எவ்வளவு பதற்றம் இருக்கு, எவ்வளவு மனச்சோர்வு இருக்குன்னு அளக்கறோம், பதினாறே கேள்விதான் என்றாள். அளக்கிறார்களாம்! சாந்தாமணி அளவெடுத்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவள். கவுந்தப்பாடியில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள், அந்தப் பக்கத்துப் பொம்பளைகளில் பாதிப்பேருடைய மார்புச் சுற்றளவு அவளுக்கு மனப்பாடம். எங்கே அளங்க பாக்கலாம் என்று வாய்வரை வந்தது. அளப்பதில் இருக்கிற கள்ளமெல்லாம் அவளுக்குத் தெரியும். பாதிப்பேர் இஞ்ச் டேப்புக்கு நிற்கவே மாட்டார்கள், கூச்சம். மஞ்சப்பையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போடுவார்கள். "இதாங்க்கா அளவு ஜாக்கெட்டு, இதே மாதிரி தெச்சுருங்க." இது எப்பத் தெச்சது என்று கேட்டால் சின்னவன் பொறக்கறதுக்கு முந்தி என்பார்கள். அக்குள் பிடித்துக் கசங்கியிருக்கும், ஹூக் ரெண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு எத்தனை கல்யாணத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாளோ மகராசி, ஆனாலும் இதே மாதிரி. தைத்துக் கொடுத்தால் இறுக்குதே, உனக்குக் கை கெட்டுப்போச்சா என்பார்கள். அளவு ஜாக்கெட்டே இறுக்கம் என்று ஒருத்தியும் ஒத்துக்கொண்டது கிடையாது. அவளுக்கே அவளுக்கென்று இப்போது அளவு ஜாக்கெட் எது? பழையதெல்லாம் மார்பு எடுப்புக்காக இரண்டு பக்கமும் மடித்து டாட் பிடித்தவை. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து, பழம்புடவைத் துணியில் சின்னப் பை தைத்துப் பஞ்சு அடைத்தாள். பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிக்கொண்டு கழுத்துக்குக் கீழே முட்டியது. பிரித்து நடுவில் ஒரு பிடி ராகியைப் போட்டுத் தைத்தாள், அப்புறம் நின்றது. இப்போதும் அந்த ராகிதான் இடதுபக்கம் கனக்கிறது. இதை எந்தக் கேள்வியில் கேட்கப் போகிறீர்கள்?

"நாலாவதுங்கம்மா. முன்பு போல் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?" "தூக்கம் நமக்குப் பிரச்சினையே இல்லீங்க" என்றான் வெள்ளிங்கிரி. நமக்கு. இந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே அவளுக்கு ரத்தம் கொதிக்கிறது. நமக்கு வாய்ப்புண்ணு வந்திருக்குங்க, நமக்கு ரெண்டு நாளா வெளிக்கே போகலீங்க, நமக்கு ஊசி குத்த நரம்பு கெடைக்க மாட்டீங்குது. எங்கே மாமா உங்க நரம்ப நீட்டுங்க, ஒரு குத்து குத்தட்டும்! நமக்கு என்றால் எனக்கு என்றும் ஆகும், உனக்கு என்றும் ஆகும், நம் இரண்டு பேருக்கும் என்றும் ஆகும். ஊர் வழக்கு அப்படி. மரியாதையான பேச்சுத்தான், அவளும் பேசுவதுதான். ஆனால் அன்றைக்கு அந்த டாக்டர் அறையில் அந்த வார்த்தைதான் கத்தரிக்கோலாக வந்து நின்றது. டாக்டர் நல்ல மனுஷன், படம் வரைந்து காட்டினார். ரெண்டு வழி இருக்கும்மா, கட்டிய மட்டும் எடுத்துட்டுக் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கலாம், மார்பு அப்படியே இருக்கும், இல்லேன்னா முழுசா எடுத்தரலாம், உங்க விஷயத்துல ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான், நீங்கதான் சொல்லணும் என்றார். நீங்கதான் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. அவள் வாயைத் திறந்தாள். திறந்தாளா? திறந்தாள் என்றுதான் நினைப்பு. அதற்குள் பக்கத்து நாற்காலி பேசியது. "முழுசாவே எடுத்துருங்க சார். இந்த வயசுல நமக்கெதுக்குங்க அதெல்லாம்." நமக்கெதுக்கு! அவளுக்கு அப்போது நாற்பத்தாறு. டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. ஏண்டி ஆட்டினே? யாராவது கழுத்தைப் பிடித்து ஆட்டிவிட்டார்களா? ஊரான் துணியை வெட்டும்போது சாக்பீஸ் கோட்டை மூன்று தடவை சரிபார்க்கிறவள், உன் உடம்பை வெட்டும்போது ஒருதரம் சித்த இருங்கன்னு சொல்ல வாய் வரவில்லையே.

இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் சொன்னால், அப்பா உனக்காக எத்தன அலையறாரு, அவரப் போய் என்று அவள் தொடங்குவாள். அலைகிறான்தான், யார் இல்லையென்றது. நூல் மில்லில் லீவு சொல்லிவிட்டு அலைகிறான், வாந்தி எடுத்தால் கையில் ஏந்துகிறான், அந்தக் கையைக் கடித்து வைக்கலாமா என்று இவளுக்குத் தோன்றுகிறது. இதை வெளியே சொன்னால் மனுஷ ஜென்மமா நீ என்பார்கள். அதனால்தான் அந்த ரூம் வேண்டும். போன தடவை மருந்துக்கு வந்தபோது கரூர்க்காரி நபீசா சொன்னாள். நபீசாவுக்கும் இதே இடதுபக்கம், இதே பதினாறு கேள்வி. "இருவதுக்கு மேல மார்க்கு வாங்கினா அதோ அந்த ரூமுக்கு அனுப்பறாங்கக்கா. ஒரு அம்மா உக்காந்திருக்கு. வாரம் ஒருக்கா முக்கா மணி நேரம். கதவ உள்ளாற சாத்திர்றாங்க. நாம வேண்டாம்னா ஆம்பளைங்கள விடமாட்டாங்க. நான் போயி ஓன்னு அழுதுட்டு வந்தன், அந்த அம்மா ஒண்ணுமே சொல்லல, கேட்டுக்கிட்டே இருந்துச்சு." பள்ளிக்கூடத்தில்கூட அவள் மார்க்குக்கு ஆசைப்பட்டதில்லை. அன்றையிலிருந்து இருபத்தொரு நாளாக அவளுக்கு அந்தக் கதவு நினைப்புத்தான். அதோ, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வெளிர்பச்சை பெயின்ட் அடித்த கதவு. இங்கிருந்து பத்து எட்டு இருக்குமா? அதற்குள் போக இருபதுக்கு மேல் வேண்டும். இவன் ஒவ்வொரு கேள்விக்கும் நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்று சைபர் சைபராக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் இருங்க, அம்மாவே சொல்லட்டும்" என்று பெனிட்டா ஒருவழியாகச் சொன்னாள். சொல்லி, முதலிலிருந்து வர்றேங்கம்மா என்று தாளைத் திருப்பினாள். வெள்ளிங்கிரிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினான். சாந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாடி கேள்வியே என்று உட்கார்ந்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். முன்பு போல் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதா? முன்பு என்றால், போன வருஷம்? போன வருஷம் எப்போது வாய்விட்டுச் சிரித்தாள்? தீபாவளித் தையல், பொங்கல் தையல், மிஷினில் குனிந்த தலை, நாத்தனார் வீட்டிலிருந்து வந்திறங்கிய ஒறம்பரைக்குச் சோறாக்கியது, மாமியார் இருந்தவரை பல்லைக் காட்டினாலே ஒரு பேச்சு. யோசித்து யோசித்துப் பார்த்தாள். "முன்ன மாதிரியேதானுங்க இருக்குது" என்றாள். பெனிட்டா 'முன்பு போலவே' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். சைபர். முன்பு போல் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? எப்போது தூங்கினாள், வருஷக்கணக்காக மூன்று மணிக்கு முழிப்புத் தட்டிவிடும், இப்போதும் மூன்று மணிதான். முன்பு போலவே. சைபர். முன்பு போல் உங்கள் தோற்றத்தில் அக்கறை எடுத்துக்கொள்கிறீர்களா? ஊருக்கெல்லாம் பஃப் கை, போட் நெக் என்று தைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் விழுந்த லைனிங் துணியில் தனக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டவள். கல்யாண வீட்டில் ஒருத்தி, ஏக்கா நீங்க தெச்சதுதானா இது என்று கேட்டே விட்டாள். முன்பு போலவே. சைபர். ஐயோ, பொய் சொல்லேண்டி, எல்லாத்துக்கும் அறவே இல்லைன்னு சொல்லு, மூணு மூணாய் விழும், கதவு திறக்கும் என்று உள்ளே ஒருத்தி பிடித்து உலுக்கினாள். நாக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முப்பத்திநாலை முப்பத்தாறு என்று எழுதியதில்லை. பொய்யளவில் வெட்டினால், தைத்த துணி சேரவில்லை என்று திரும்ப மடியில் வந்து விழும்போது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் இன்றைக்கா வந்து கழுத்தை அறுக்க வேண்டும்! கேள்விகள் ஓடின. படபடப்பு வருகிறதா, வரும், எப்போதாவது. அழுகை வருகிறதா, வராது, அழுகை எந்தக் காலத்தில் அவளுக்கு வந்தது. பதினாறில் ஒன்றாவது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்று கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவே இல்லை. பயத்துக்கு ஏழு கேள்வி, வெசனத்துக்கு ஒன்பது கேள்வி, கோபத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதைக் கேட்டிருந்தால் தாளே பற்றிக்கொண்டிருக்கும். கடைசிக் கேள்வி வந்தது. "முன்பு போல் குடும்பத்தினரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா?" அவள் வெள்ளிங்கிரியின் செருப்பைப் பார்த்தாள். "முன்ன மாதிரியே" என்றாள்.

பெனிட்டா விரலை மடக்கிக் கூட்டினாள். "ஆறுங்கம்மா. நாப்பத்தெட்டுக்கு வெறும் ஆறு. இந்த ஹால்லயே நீங்கதான் குறைவு. எப்படிங்கம்மா இவ்வளவு தைரியமா இருக்கீங்க?" வெள்ளிங்கிரிக்கு வாயெல்லாம் பல். "நாந்தான் அப்பவே சொன்னனே, நமக்கு அந்த மாதிரி ஒண்ணுமில்லீங்க" என்று மாதுளம்பழத்தை எடுத்துப் பெனிட்டாவுக்கே நீட்டினான். ஆறு! ராகி மூட்டையைக் கட்டிக்கொண்டு, மொட்டைத் தலையோடு, கட்டின புருஷன் கையைக் கடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஆறு. தைரியமாம். சர்ட்டிபிகேட்டே கொடுத்து ஃபைலில் சொருகிவிடுவார்கள், இந்தப் பொம்பளைக்கு ஒன்றுமில்லை, இவளை எந்த ரூமுக்கும் விடாதே என்று. பச்சைக் கதவு திறந்து ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பெனிட்டா தாளை மடித்து எழுந்துவிட்டாள். இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் டோக்கன் நாற்பத்திரண்டிடம் போய்விடுவாள். இப்போதும் தலையை ஆட்டுவாயா? அன்றைக்கு ஆட்டியது போதாதா? இன்றைக்கும் பேசாமல் இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான், சாகிறவரை வாயைத் திறக்க இடமில்லை. "ஏனுங்க, சித்த நில்லுங்க" என்றாள் சாந்தாமணி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல முன்பு முன்புன்னு போட்டிருக்குதே, அது எந்த முன்புங்க?" பெனிட்டா முழித்தாள். "நோய் வர்றதுக்கு முன்னாடிங்கம்மா." "அப்பவே நான் இப்படித்தானுங்க இருந்தன்." "புரியலீங்கம்மா." "அட, உங்களுக்குத் தெரியாதாங்க? அளவு ஜாக்கெட்டே அக்குளப் புடிச்சுக்கிட்டு மூச்சு விடாம இருந்தா, அதே மாதிரி தெச்சாச்சுன்னு நீங்க சந்தோசப்பட்டு என்ன ஆகப் போகுது? என்னோட அளவு ஜாக்கெட்டே இறுக்கமுங்க. அத வெச்சு அளந்துட்டு ஆறுங்கறீங்க."

பெனிட்டா திரும்ப வந்து உட்கார்ந்தாள். மடித்த தாளை மறுபடி பிரித்தாள். "இருநூறு பேர்கிட்டக் கேட்டிருப்பேன், இத யாரும் கேக்கலங்கம்மா" என்றாள். "இதுல அதுக்கு இடமில்ல. ஆனா நீங்க எந்த முன்ப வெச்சுச் சொல்றீங்களோ சொல்லுங்க, நான் ஓரத்துல எழுதிக்கறேன்." எந்த முன்பு? சாந்தாமணிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை, உடனே வந்தது. பத்தொன்பது வயது. கோபியில் தையல் கிளாஸ். முதல் தடவை முழு ஜாக்கெட் தைத்தார்கள், பக்கத்து மிஷின் சுசீலா இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்து, சிரித்துச் சிரித்து, வயிறு பிடித்துக்கொண்டு, மிதியிலிருந்து காலை எடுக்க மறந்து ஊசி ஒடிந்து, டீச்சர் வெளியே அனுப்பி, வெளியே நின்றும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் பொழுது விடிந்துதான் எழுந்தாள். அந்த முதல் ஜாக்கெட்டைத் தனக்கென்று முழங்கை வரை கைவைத்து மயில்கழுத்துக் கலரில் தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அளவு. அதை எடுத்துப் போடுங்கள் மேஜையில். "பத்தொம்பது வயசுன்னு எழுதிக்கங்க. இப்ப மறுக்காக் கேளுங்க." "முன்பு போல் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதா?" "இல்லீங்க." "கொஞ்சம்கூடவா?" "கொஞ்சம்கூட இல்லீங்க." மூன்று. "அம்மிணி, நேத்து டிவி பாத்து" என்று வெள்ளிங்கிரி தொடங்கினான். "மாமா, அது டிவி சிரிச்சுது" என்றாள் அவள், திரும்பாமலே. தூக்கம், மூன்று. தோற்றம், மூன்று. ஒவ்வொரு மூன்றும் விழ விழ அவளுக்கு வெறி கூடிக்கொண்டே போனது, சந்தோஷம் மாதிரிகூட இருந்தது, எத்தனை வருஷத்துக் கணக்கு இது, நாலு மாதத்துக் கட்டி இல்லையே, இருபத்தேழு வருஷத்துக் கட்டி. கடைசிக் கேள்விக்குப் பெனிட்டா நிறுத்தினாள். அவன் இருக்கிறானே என்று யோசித்திருப்பாள். அப்புறம் மெதுவாகப் படித்தாள். முன்பு போல் குடும்பத்தினரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா? "அறவே இல்லை" என்றாள் சாந்தாமணி, தாளில் இருக்கிற அதே எழுத்துத் தமிழில், கட்டம் தவறிவிடக் கூடாதென்று.

கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்று. பெனிட்டா எழுந்து போய்ப் பச்சைக் கதவைத் தட்டி உள்ளே தலையை நீட்டி ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்த்து, "வாங்கம்மா, உங்க டோக்கன் வர்ற வரைக்கும் மேடம் ஃப்ரீதான்" என்றாள். சாந்தாமணி எழுந்தாள். எழுந்ததும் ராகிப் பை கொஞ்சம் நகர்ந்தது, சேலைக்கு மேலேயே கையை வைத்துச் சரிசெய்தாள், யார் பார்த்தால் என்ன. வெள்ளிங்கிரியும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே எழுந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பயந்துவிட்டான், பாவம், நிஜமாகவே பயந்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசு இறங்கவில்லை. "இது மண்டைக்குச் செரியில்லாதவங்க போற எடம் அம்மிணி" என்று அவன் அவள் முக்காட்டுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னான். "வேண்டாம். ஊசியப் போட்டுட்டு ஊட்டுக்குப் போலாம். நமக்கெதுக்கு இதெல்லாம்?" அவள் நின்றாள். அதே வார்த்தை, அதே குரல், அன்றைக்கு டாக்டர் மேஜைக்கு முன்னால் கேட்ட அதே அக்கறை. டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நிமிஷம் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அன்றைக்கு. "நமக்கில்ல மாமா" என்றாள் சாந்தாமணி. "எனக்கு." அவன் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டாள். பத்து எட்டு என்று நினைத்திருந்தாள், எட்டே எட்டில் முடிந்துவிட்டது. கதவு கனமாக இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் தோளுக்கு மேல் தூக்க வராத இடது கையாலேயே அதைத் தள்ளினாள், அக்குளில் சுருக்கென்று இழுத்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா, வாங்க, உக்காருங்க, உங்க வீட்டுக்காரரும் வர்றாரா என்று கேட்டது. இல்லீங்க என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.